இல்லாத சட்டத்துக்கு நான் எழுதிய அறிவித்தல்

இது நடந்தது 1993ஆம் ஆண்டு, மெல்பேர்ணில், கை விரல் விறைக்கிற ஒரு குளிர்காலத்தில். நாங்கள் அப்போது நோபிள் பார்க்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் நான் வேலை செய்த தொழிற்சாலை வரும். தயிர், ஐஸ்கிரீம் அடைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி செய்கிற இடம் அது. ஊரில் மேசையும் கதிரையும் பேனையுமாக இருபது வருடத்துக்கு மேல் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவன், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வந்து மூடி அடுக்கினேன். அதில் எனக்கு வருத்தமே இருக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

ஆனால் ஒன்றில் மட்டும் என் தலைக்கனம் குறையவில்லை. அது என் ஆங்கிலம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்த ஆங்கிலம். அங்கே வேலை செய்தவர்களில் வியட்நாமியர், கம்போடியர், பொஸ்னியர், இத்தாலியர், எங்களுடைய ஆட்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். பலருக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். எனக்கோ தண்ணீர் பட்ட பாடு. மேலாளர் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரே தலைமைக் கந்தோருக்குக் கடிதம் அனுப்புமுன் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுப்பேன். அதற்காகவே எனக்கு ஒரு பிரிவின் பொறுப்பையும் தந்திருந்தார். வீட்டுக்கு வந்தால் அதை மனைவிக்கு இரண்டு தரமாவது சொல்லாமல் விடமாட்டேன்.

ஒரு நாள் சாப்பாட்டு அறையில் ஒரு கைகலப்பு. ஒரு மேசையில் நாலு பேர் தங்கள் மொழியில் ஏதோ பேசிச் சிரித்திருக்கிறார்கள். அடுத்த மேசையில் இருந்தவர், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து எழும்பிப் போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டார். பிடித்து விலக்கிய பிறகு பார்த்தால், அவர்கள் சிரித்தது யாரோ ஒருவருடைய மாமனாரின் பழைய காரைப் பற்றியாம்.

தலைமைக் கந்தோரிலிருந்து மேலாளருக்கு நல்ல பேச்சு விழுந்திருக்க வேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டார். தொழிற்சாலைக்குள் இனி ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும், மீறினால் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போகும், இதை ஓர் அறிவித்தலாக எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தா என்றார். இரண்டு வரி போதும் என்றும் சொன்னார்.

இரண்டு வரியா? அரசாங்கக் கந்தோரில் பழகினவனுக்கு அது எப்படிப் போதும்? எங்களுடைய காலத்தில் ஒரு சுற்றுநிருபம் என்றால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அதிகாரத்தின் கீழ் என்று முதல் வரியிலேயே வரவேண்டும். அது இல்லாமல் வருகிற கடதாசியை நாங்கள் கடதாசி என்றே மதிக்கமாட்டோம். ஆகவே நான் வெள்ளைத் தாளை எடுத்து, மூச்சைப் பிடித்து, என் கையெழுத்தில் உள்ள அழகையெல்லாம் காட்டி இப்படித் தொடங்கினேன்: இந்த நாட்டின் சட்டப்படி ஆங்கிலமே அரசகரும மொழியாக இருப்பதால், இந்த வளாகத்தினுள் வேறு எந்த மொழியும் பேசலாகாது.

அந்த முதல் பாதியை மேலாளர் சொல்லவேயில்லை. யாரும் சொல்லவில்லை. நானாகப் போட்டது. போடும்போது எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. ஒரு நாடு என்று இருந்தால் அரசகரும மொழிச் சட்டம் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? சட்டத்தால் அடி வாங்கி வந்தவனுக்கு, சட்டம் இல்லாத ஒரு நாட்டை யோசிக்கத் தெரியவில்லை.

மேலாளர் வாசித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கீழே எல்லோருடைய பெயரையும் எழுதி, பக்கத்தில் கையெழுத்துக்கு அடிமட்டத்தால் கோடு போட்டுக் கொடுத்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.

திங்கட்கிழமை காலை தாளைப் பலகையில் செருகிக்கொண்டு ஒவ்வொரு இயந்திரமாகப் போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே வாசிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். வாசித்தால் என் எழுத்து அழகைப் பாராட்டுவார்களே என்று எனக்குக் கொஞ்சம் மனக்குறை.

கடைசி வரிசையில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பெண். தலையில் முக்காடு, என்னை விட நாலைந்து வயது குறைவு. மகளோடு வந்து சேர்ந்து மூன்று மாதம்தான். நாங்கள் கல்முனை அக்கா என்று கூப்பிடுவோம். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. அவருக்கு வேலை பழக்கியது பக்கத்து இயந்திரத்தில் நின்ற வன்னிப் பக்கத்துப் பெண்; வன்னிப் பிள்ளை என்போம். முப்பது வயது இருக்கும். இயந்திரத்தின் கதவு மூடும்போது கையை உள்ளே விடக்கூடாது, சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரடி பின்னால் நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழில்தான் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பிள்ளையின் கணவர் சென்னையில் விசாவுக்குக் காத்திருந்தார். அடுத்த மாதம் அங்கே அவருக்கு நேர்முகம். இங்கே நிலையான வேலை இருக்கிறது என்று தொழிற்சாலை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் காரியம் கெட்டுவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் பலகையைக் கல்முனை அக்காவிடம் நீட்டினேன். அவர் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் கேட்டார். எனக்குத் தமிழ் தெரியாதா? தெரியும். ஆனால் ஆங்கிலம் மட்டும் என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தமிழில் விளக்குவது முறையல்ல என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் விளக்கினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே இரண்டு போட வேண்டும்போல் இருக்கிறது. அக்கா நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிச் சிரித்துவிட்டு, பேனையை வாங்கித் தமிழில் தன் பெயரை எழுதினார்.

பிறகு வன்னிப் பிள்ளையிடம் நீட்டினேன். அந்தப் பிள்ளை தாளைக் கையில் எடுத்து மேலிருந்து கீழ்வரை வாசித்தது. அன்றைக்கு அதை முழுதாக வாசித்த ஒரே ஆள் அதுதான். வாசித்துவிட்டு அக்காவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்னது. அக்காவின் முகம் வாடிவிட்டது. இனி வேலையில் ஒன்று விளங்காவிட்டால் யாரைக் கேட்பது என்று அவர் கேட்டதும், கையெழுத்தைப் போட்டுவிட்டேனே என்று தன் விரலையே பார்த்ததும் எனக்குக் கேட்டது, தெரிந்தது. ஆனாலும் நான் பலகையை இறக்கவில்லை.

“அங்கிள், இது எந்தச் சட்டம்?” என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது.

நாட்டுச் சட்டம் என்றேன்.

“ஓம், அது விளங்குது. எந்த வருசத்துச் சட்டம், என்ன பேர் எண்டு காட்டுங்கோ. வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வைக்கிறன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சட்டம் தெரிந்தவன் நானா, நேற்று வந்த பிள்ளையா? மேலாளரிடம் போய், நாற்பத்தொரு பேர் வைத்துவிட்டார்கள், ஒருவர் வைக்க மறுக்கிறார் என்று சொன்னேன். கோள் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை தவணை கொடு, அதற்குள் வைக்காவிட்டால் அவரை இங்கே வைத்திருக்க என்னால் முடியாது என்றார். நான் தாளைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறைச் சுவரில் நாலு ஊசி குத்தி மாட்டினேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து பஸ் தரிப்பில் அந்தப் பிள்ளையைக் கண்டு புத்தி சொன்னேன். இது ஒரு கடதாசிதானே, கணவர் வந்து சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்றேன். அந்தப் பிள்ளை கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கேட்டது. கண் கலங்கி இருந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்று என்னை விட அதற்கு நன்றாகத் தெரியும்.

பிறகு சொன்னது. அதன் அண்ணனை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. காவலில் வைத்து ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். தாள் முழுக்கச் சிங்களம். அண்ணனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. போட்டார். நாலு வருடம் உள்ளே இருந்தார். தான் என்னத்தை ஒப்புக்கொண்டேன் என்பது அவருக்கு வழக்கு நடக்கும்போதுதான் தெரிய வந்தது.

“அண்டைக்கே அம்மாவுக்குச் சொல்லிப் போட்டன் அங்கிள், வாசிக்காமல் ஒண்டுலயும் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு. இதை வாசிச்சிட்டன். இதில ஒரு சட்டம் இருக்கெண்டு சொல்லுது. அந்தச் சட்டத்தைக் காட்டினால் வைப்பன். இல்லாத சட்டத்துக்கு நான் வைக்க மாட்டன்.”

பஸ் வந்தது. அந்தப் பிள்ளை முன்னால் போய் இருந்தது. நான் பின்னால் இருந்தேன்.

வீட்டில் மனைவி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. நான் நடந்ததைச் சொன்னேன். எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன், ஆனால் எப்படித் திருப்பிப் போட்டாலும் கதை எனக்குச் சாதகமாக வரவில்லை. அவ புட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டா.

“இஞ்சருங்கோ, உங்களுக்குக் கொழும்பில அந்தக் கடிதம் வந்ததே, அதை ஆர் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினது?”

அதை நான் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்த பிறகு அரசாங்க வேலைக்குச் சேர்ந்தவன் நான். வேலையில் நிலைக்கச் சிங்களத்தில் சோதனை பாஸ் பண்ண வேண்டும். நான் இரண்டு தரம் கோட்டை விட்டேன். ஒரு நாள் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேல் வரியில் சட்டத்தின் இலக்கமும் ஆண்டும் இருந்தன. அதற்குக் கீழே எல்லாமே சிங்களம். எனக்கு என்ன தண்டனை என்பதை நானே வாசிக்க முடியவில்லை. அடுத்த மேசையில் ஒரு சிங்களவர் இருந்தார். அவர்தான் தன் கதிரையை என் பக்கம் இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு நிறுத்தப்பட்டிருந்தது. எனக்குப் பிறகு சேர்ந்தவர் எனக்கு மேலே போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் கதிரையைத் தூக்கி எறிந்ததில் அதன் ஒரு கால் உடைந்தது. உடைந்த கால் மனைவிக்கு மறக்கவில்லை.

நான் புட்டைத் தள்ளி வைத்தேன். இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே. அது வேறு, இது வேறு என்று வாதாடினேன். அங்கே எங்களுடைய மொழியைத் தள்ளிவைத்தார்கள், இங்கே அவர்களுடைய நாடு, அவர்களுடைய சட்டம், நாங்கள் வந்து ஏறின ஆட்கள் என்றேன். அப்படியென்றால் அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கோவன் என்று சொல்லிவிட்டு அவ கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

புதன்கிழமை வேலை முடிந்ததும் நேராகக் கவுன்சில் நூலகத்துக்குப் போனேன். காட்டத்தான் போனேன். அந்தப் பிள்ளையின் முன்னால் சட்டத்தின் நகலை விரித்து வைத்து, இந்தா வாசி என்று சொல்வதைப் பஸ்ஸிலேயே இரண்டு தரம் மனதுக்குள் நடித்துப் பார்த்துவிட்டேன்.

நூலகத்தில் இருந்த பெண்மணி கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஆங்கிலத்தை அரசகரும மொழியாக்கிய சட்டத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்று உள்ளே போனார். ஒரு நிமிடம் கால் மணியானது. நாட்டின் அரசியலமைப்பைக் கொண்டுவந்து என் முன்னாலேயே புரட்டினார். பிறகு மாநிலச் சட்டங்களின் தடித்த அட்டவணைப் புத்தகங்கள். அதிலும் இல்லை. நகரத்திலிருந்த பெரிய நூலகத்துக்கு ஃபோன் போட்டார். அவர்கள் தேடிவிட்டுத் திருப்பி ஃபோன் எடுக்கும் வரை எனக்கு ஒரு கதிரை போட்டு இருத்தினார். ஒரு மணித்தியாலம் கழித்து ஃபோன் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படி ஒரு சட்டம் இல்லை என்றார்.

நான் விடவில்லை. தயவுசெய்து இன்னொரு தரம் பாருங்கள் அம்மணி, இருக்கத்தான் வேண்டும் என்றேன். நினைத்துப் பாருங்கள், இந்த நாட்டில் பிறந்த ஒரு வெள்ளைக்காரியிடம், உங்கள் நாட்டில் ஆங்கிலத்துக்குச் சட்டம் இருக்கிறது என்று எங்கோ வவுனியாவுக்கு அப்பாலிருந்து வந்த நான் அடித்துப் பேசுகிறேன். எல்லோரும் ஆங்கிலம்தானே பேசுகிறீர்கள், நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் அதுதானே என்றேன்.

“பேசுகிறோம்தான்,” என்றார் அவர். “அதனால் சட்டம் போட யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ.”

பிறகு, வேலையிடத்தில் ஆபத்து வரக்கூடிய சில வேலைகளுக்கு ஒரு பொது மொழி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மொழியைக் காட்டி ஆட்களைத் தள்ளிவைக்கவும் முடியாது, அதைத் தடுக்கத்தான் இங்கே சட்டம் இருக்கிறது என்று சொல்லி, அதைப் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தந்தார். அதை அரசாங்கமே அச்சடித்திருந்தது. ஒரே விசயம், பக்கம் பக்கமாக இத்தாலியில், கிரேக்கத்தில், அரபியில், வியட்நாமிய மொழியில்.

நான் நன்றி சொல்லிவிட்டுத் துண்டுப்பிரசுரத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்தக் கதிரையிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். முதலில் வந்தது வெட்கம். எந்தச் சட்டம் என்னை என் நாட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்ததோ, அதைப் போல ஒன்று இந்த நாட்டில் இல்லை. இல்லாததை என் அழகான கையெழுத்தில் நானே எழுதி, நாற்பத்தொரு பேரிடம் ஒப்பமும் வாங்கி, நாற்பத்திரண்டாவது ஆளைக் காட்டியும் கொடுத்திருக்கிறேன். பிறகு மெதுவாக இன்னொன்று வந்தது. அது சந்தோசம் என்றுதான் சொல்லவேண்டும். இப்படியும் ஒரு நாடு இருக்கிறது, அதில் நானும் இருக்கிறேன் என்ற பெருமை. வந்து ஒன்பது வருடமாக இங்கே வேலை செய்தேன், வரி கட்டினேன், பிரஜாவுரிமையும் எடுத்தேன். ஆனால் இது என் நாடு என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான், அந்த நூலகத்துக் கதிரையில்தான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களில் அதுதான் சிறந்தது என்பேன். மூன்று பந்தி. முதலாவதில், சட்டம் என்று எழுதியது என் தவறு, அதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல என்றேன். இரண்டாவதில், அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதை எங்கே, எப்படித் தேடினேன் என்று விவரித்தேன். மூன்றாவதில், கல்முனை அக்காவின் பத்து விரலும் இன்றைக்கு முழுசாக இருக்கிறதென்றால் அவருக்கு விளங்குகிற மொழியில் ஒருவர் வேலை சொல்லிக் கொடுத்ததால்தான் என்றும், கையெழுத்திட மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் எழுதினேன்.

கொடுக்குமுன் அதை அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்த் தமிழில் வாசித்துக் காட்டினேன். தொழிற்சாலைக்குள், வேலை இடத்தில், கொஞ்சம் சத்தமாகவே. அது கையைக் கட்டிக்கொண்டு கேட்டது. கடைசிப் பந்தியில் பழைய கந்தோர்ப் பழக்கத்தில், மேற்படி ஊழியர் தாழ்மையுடன் மன்றாடுகிறார் என்று ஒரு வரி விழுந்திருந்தது. அங்கே நிறுத்தியது.

“அதை வெட்டி விடுங்கோ அங்கிள். நான் மன்றாடேல்லை.”

வெட்டினேன். கடிதத்தைத் திரும்பவும் முழுதாக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளரின் அறையில் நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பினால் என்னுடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று ஒரு வீர வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, இந்தச் சட்டத்தைப் போடு என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல், தானும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்ததாகச் சொன்னார். இங்கே பிறந்தவருக்கும் அது தெரியாது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார். சட்டத்தைப் பற்றி நீ கேட்டது சரி என்றார். ஆனால் அவருக்குச் சாப்பாட்டு அறைச் சண்டைக்கும் ஒரு தீர்வு வேண்டுமே. மூன்று பேருமாக இருந்து பேசினோம். எல்லோரும் கூடும் கூட்டத்திலும் ஆபத்து வந்து கத்தும்போதும் ஆங்கிலம், வேலை பழக்கும்போது யாருக்கு எது விளங்குமோ அது, சாப்பாட்டு அறையில் அவரவர் இஷ்டம் என்று முடிவானது. சிரிக்கிறவர்கள் பக்கத்து மேசைக்கும் பகிடியைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னதில் மேலாளருக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

சுவரில் இருந்த அறிவித்தலை நானே போய்க் கழற்றினேன். நாலு மூலையிலும் நான் குத்திய ஊசிகளை நானே நகத்தால் நெம்பி எடுத்தேன். கல்முனை அக்கா தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, தன் பெயரை வெட்டிவிடச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தேன். எல்லோரும் சந்தோசப்பட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சட்டையைப் பிடித்தவர் அதன் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவேயில்லை. புது அறிவித்தலை நான் ஆங்கிலத்தில் இரண்டே வரியில் எழுதினேன். மேலே ஒரு சட்டமும் போடவில்லை. கீழே அந்தப் பிள்ளை தமிழில் எழுதியது. அடுத்த கிழமைக்குள் வியட்நாமிய மொழியில் ஒருவர், கம்போடிய மொழியில் ஒருவர், பொஸ்னிய மொழியில் ஒருவர் என்று எழுதி ஒட்ட, சுவரில் இடம் போதவில்லை.

சென்னைக்கு அனுப்ப வேண்டிய வேலைக் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். மேலாளர் வாசித்துவிட்டு ஒப்பமிட்டார். அடுத்த வருடம் கணவர் வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். மனைவி என் கதையைக் கொழும்புக் கதிரையிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் அவருக்குச் சொல்லிவிட்டா. போகும்போது அந்தப் பிள்ளை, போட்டு வாறம் அங்கிள் என்று சொல்லி என் கையைப் பிடித்தது. நான் அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன் வாய் வரவில்லை. அது, நீங்கள் தேடிப் போனீங்கள் தானே அங்கிள் என்று மட்டும் சொன்னது. நான் ஓய்வு பெற்றபோது என்னுடைய பொறுப்பு அந்தப் பிள்ளைக்குத்தான் போனது.

என்னிடம் ஒரு பழைய கோப்பு இருக்கிறது. அதற்குள் இரண்டு தாள்கள் மட்டும் வைத்திருக்கிறேன். ஒன்று கொழும்பில் எனக்கு வந்த சிங்களக் கடிதம். மற்றது நான் எழுதிய அந்த அறிவித்தல். பேரப்பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுவேன். அவர்கள் என் கையெழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் வியப்பார்கள். ஆனால் நான் அவர்களுக்குக் காட்ட விரும்புவது அந்த அழகை அல்ல. அடிமட்டம் வைத்து நான் போட்ட நாற்பத்திரண்டு கோடுகளில் வெறுமையாக இருக்கிற அந்த ஒரு கோட்டில்தான் விரலை வைத்துக் காட்டுவேன், எங்கள் ஆட்களில் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொல்லும்போது இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.